கையில் இருந்த காலன்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பற்றீரியாவையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், வாலிபர் சங்கத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் எண்ணியிருப்பீர்கள். பிள்ளைப்பேறு பெண்களின் காரியம், மருத்துவமாதின் காரியம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுங்குதல் தகாது என்பதே இன்று யான் சொல்ல வந்தது.

பற்றீரியா ஒரே கலத்தாலான உயிர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால், ஓரிரு கூறளவே அதன் பருமன். நுணுக்குக்காட்டியின்றி அதனைக் காண இயலாது. இவையெல்லாம் நமக்குப் பகையல்ல. பாலைத் தயிராக்குபவை இவையே. நமது குடலில் வாழ்ந்து விற்றமின் கே ஆக்கித் தருபவையும் உண்டு. ஆனால் சில இனங்கள், போகத்தகாத இடத்திற் புகுந்தால் உயிரையே குடிக்கும்.

இதற்கு ஒரு வரலாறு சொல்வேன். ஒஸ்திரியா நாட்டின் வியன்னா நகரப் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிள்ளைப்பேற்று விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் வைத்திய மாணவரும் பிரசவம் பார்த்தனர். மற்றதில் மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1840களில் வைத்தியரின் விடுதியில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். மருத்துவிச்சிகளின் விடுதியிலோ நூற்றுக்கு நால்வர் அளவே. ஏழைப் பெண்கள், முதல் விடுதியில் விடவேண்டாம் என்று மன்றாடினார்கள்.

இதைக் கண்டு நெஞ்சு பொறாதவர் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர். 1847இல் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவருடலிற் கண்ட குறிகள், இறந்த தாய்மாரின் உடலிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை பளிச்சிட்டது. பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்க்கிறோம். காலன் நம் கையிலேதான் வருகிறான்!

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரீன் சேர்ந்த கரைசலிற் கைகழுவிய பின்னரே விடுதிக்குள் நுழையவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், யூன் மாதத்தில் இரண்டளவுக்கு இறங்கியது. எனினும் பெரிய வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? அவர் 1865இல், மனநோய் விடுதியொன்றில், புண் புரையோடி இறந்தார். 1879இல் பாஸ்ரர், சங்கிலிபோற் கோத்துக் கிடக்கும் கிருமியே பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமென எடுத்துக்காட்டினார். அதுதான் ஸ்ரெப்ரோகொக்கஸ். 1930களில் சல்பா மருந்தும், பின்னர் பெனிசிலினும் வந்து எண்ணற்ற தாய்மாரைக் காத்தன.

நிற்க. கர்ப்ப காலத்தில் வேறு சில கிருமிகளும் கரந்து வரும். சிறுநீரில் பற்றீரியா பெருகியும் தாய்க்கு ஒரு நோவும் தெரியாதிருக்கலாம். கவனியாது விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும். குழந்தை குறைமாதத்திற் பிறக்கவும் கூடும். சிபிலிஸ் கிருமி தாயிடமிருந்து கருவைச் சென்றடையும். காய்ச்சாத பாலில் இருக்கக்கூடிய லிஸ்ரீரியா, தாய்க்குச் சிறு காய்ச்சலாகத் தோன்றிக் கருவையே அழித்துவிடும். தொப்புட்கொடியை அழுக்கான கருவியால் வெட்டினால் ஏற்புவலி சிசுவைக் கொல்லும்.

இவற்றைத் தடுக்க வழியுண்டு என்பதற்கு நமது நாடே சான்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதலாக, மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்று உழைத்தனர். இரத்தப் பரிசோதனையும் ஏற்பு ஊசியும் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாயின. 2019இல், தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

இளைஞர்களே, உங்கள் பங்கு யாது? மனைவியையோ சகோதரியையோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனை கணவனுக்கும் வேண்டுமென்றால் வெட்கப்படாதீர்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ, நீர்க்கடுப்போ கண்டால், பன்னீர்க்குடம் உடைந்தால், நாள் பாராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் தந்த மருந்தைப் பாதியில் நிறுத்தவேண்டாம். கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அதனாற் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகின்றன.

பெரியோர்களே, பிள்ளை பார்க்கப் போகும்போது சீனியும் சவர்க்காரமும் வாங்கிச் செல்கிறோம். அந்தச் சவர்க்காரத்தில் முதலில் நமது கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவோமாக. வியன்னாவின் வைத்தியர்கள் தாய்மாரை வெறுத்தவர்களல்லர், உதவ வந்தவர்களே. உதவ வரும் கையும் சுத்தமாயிருக்கவேண்டும் என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.