வக்கீல் யாருக்கு வக்கீல்?

(மும்பையில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு வாங்கும் சட்டத்தைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். கறுப்புக் கோட்டுப் போட்டவன் அல்ல. ஆனால் அந்தப் பார்சல் ஆபீசிலேயே ஒரு பாடம் படித்தேன். "என் சரக்கு, என் பணம், நானே மூட்டை கட்டினேன்" என்று ஒருவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், "ரசீது எங்கே?" என்றுதான் முதலில் கேட்போம். வீட்டுக்கும் அதே சட்டம்தான். பணம் கொடுத்ததனால் மட்டும் ஒருவன் வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டான். பதிவான பத்திரம் வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள் நாம். இருபது வருஷ ஓவர்டைம், சீட்டுப் பணம், வீட்டுக்காரியின் கழுத்துச் சங்கிலி எல்லாம் சேர்ந்ததுதான் நமக்கு ஒரு வீடு. விற்கிற பில்டருக்கு வக்கீல் இருக்கிறார். கடன் கொடுக்கிற பாங்கிக்கு வக்கீல் இருக்கிறார். வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டுகிற தொழிலாளி மட்டும் தன்னந்தனியாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறான். இது அரசியல் பிரச்சினை இல்லையா, தோழர்களே?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் மைத்துனர் கல்யாணுக்கு அப்பால் ஒரு புதுக் கட்டிடத்தில் பிளாட் வாங்கினார். பில்டர் ஆபீசிலேயே ஒரு வக்கீல் இருந்தார். "சட்டச் செலவு" என்று பணம் வாங்கினார்கள். "டைட்டில் கிளியர்" என்று ஒரு காகிதம் காட்டினார்கள். பத்திரம் பதிவாயிற்று, இனிப்பும் கொடுத்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு பாங்கி, கட்டிடச் சுவரில் நோட்டீசு ஒட்டியது. பில்டர் நிலத்தை முன்பே அடகு வைத்திருந்தார். எங்களுக்குக் காட்டிய அந்தக் காகிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், அந்த அடகைப் பற்றி ஒரு வரி இருந்தது. நாங்கள் படிக்கவில்லை. வக்கீலிடம் ஓடினோம். "நான் பில்டருடைய வக்கீல். நீங்கள் உங்களுக்கென்று ஒருவரை வைத்திருக்க வேண்டும்" என்றார். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றிலிருந்து என் தங்கை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் மக்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"நோட்டரி முத்திரை போட்ட ஸ்டாம்ப் பேப்பர் இருக்கிறதே, போதாதா?" போதாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவு சொல்கிறது: நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள கட்டிய வீட்டை, நிலத்தை விற்பது பதிவான பத்திரத்தால்தான் ஆகும். நோட்டரி, கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்று சாட்சி சொல்கிறார், அவ்வளவுதான். வீடு விற்றவருடையதா, அதன் மேல் கடன் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. "பவர் எழுதித் தருகிறேன், அதுவே கிரயம் மாதிரி" என்பார்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரத்தைக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் பூட்டி வைத்துப் பூசை செய்யக் கூடாது.

"வக்கீல் எதற்கு? ஏஜெண்டே எல்லாம் முடித்துத் தருகிறாரே?" ஏஜெண்டுக்கு வியாபாரம் முடிந்தால்தான் கமிஷன். "வேண்டாம், வாங்காதே" என்று சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து? அந்தச் சொல்லைச் சொல்வதற்குத்தான் நமக்கென்று ஒரு வக்கீல். அவர் விற்பவருக்கோ பில்டருக்கோ வேலை செய்பவராக இருக்கக் கூடாது. கூலியை முன்கூட்டியே பேசி, ரசீது வாங்குங்கள். முப்பது வருஷத்துப் பதிவுகளைத் தேடி, எழுத்தில் அறிக்கை தரச் சொல்லுங்கள். ஊரில் வில்லங்கச் சான்று வாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே "இண்டெக்ஸ் டூ" என்ற பதிவுக் குறிப்பைப் பார்க்க வேண்டும். அடகுகளைப் பதிவு செய்ய 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது, அதிலும் தேடச் சொல்லுங்கள். பத்திரம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். "நேரமில்லை" என்று ஒரு வக்கீல் சொன்னால், "எனக்கும் உங்களிடம் வேலையில்லை" என்று எழுந்து வாருங்கள்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?" 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. அதில் ஆலோசனையும் அடக்கம். மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. அது பிச்சை அல்ல, உரிமை.

"புதுக் கட்டிடத்தில் வாங்குகிறோம். எதைப் பார்ப்பது?" 2016-இல் வந்த ரேரா சட்டம் நம் கையில் இருக்கும் தடி. பதிவு செய்ய வேண்டிய திட்டத்துக்கு மகாராஷ்டிரத்தில் மகாரேரா எண் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு அதிகாரமில்லை. சொன்ன தேதியில் வீடு தரவில்லையென்றால், பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்துக்குப் பின் பில்டர் அந்த வீட்டை அடகு வைத்தால் அது நம் உரிமையைத் தொடாது. ஆனால் அதற்கு முன்பே வைத்த அடகு? என் மைத்துனர் விழுந்த குழி அதுதான். அடகு பிடித்த பாங்கி "இந்தப் பிளாட்டை இவருக்கு விற்கத் தடையில்லை" என்று எழுதித் தந்த கடிதம் கைக்கு வராமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

"பழைய பிளாட் வாங்கினால்?" சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட் விற்பவர் பெயரில் இருக்கிறதா, பராமரிப்புப் பணம் பாக்கியா, குடியேற்றச் சான்றான ஓ.சி. இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் இறந்து பிள்ளைகள் விற்றால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊரோடு போய்விட்ட ஒரு மகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரம், நாளைக்கு வாசலில் வழக்காக வந்து நிற்கும்.

"பாதியை ரொக்கமாகக் கொடுங்கள், ஸ்டாம்ப் டூட்டி குறையும் என்கிறார்களே?" வீடு விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 முதல் வருமான வரிச் சட்டப்படி தடை. பேரம் முறிந்தால், காகிதத்தில் உள்ள தொகைதான் உங்கள் தொகை. மற்றது காற்றோடு போகும். டூட்டியைக் குறைக்க நேர்வழியே இருக்கிறது. 2021 முதல் மகாராஷ்டிரத்தில், வீட்டைப் பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் ஒரு சதவீதச் சலுகை உண்டு. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள் பெயரில் வீடு இருப்பதில் நமக்கென்ன நஷ்டம்?

கடைசியாக ஒன்று. சாவி கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நிலம் யார் பேரில்? சொசைட்டி அமைந்த பின் நிலத்தையும் கட்டிடத்தையும் பில்டர் அதன் பெயருக்கு எழுதித் தர வேண்டும். அதைத்தான் கன்வேயன்ஸ் என்கிறோம். அவர் தராவிட்டால், மகாராஷ்டிரத்தில் 2008-இல் வந்த திருத்தத்தின்படி சொசைட்டியே கூட்டுறவுத் துறை மாவட்ட அதிகாரியிடம் மனுப் போட்டு வாங்கலாம். கட்டிடம் பழசாகி இடிகிற நாளில், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும்.

தோழர்களே, என் மைத்துனர் தனியாகப் போனபோது அந்த பாங்கியின் வாசல்காரர்கூட மதிக்கவில்லை. அந்தக் கட்டிடத்துப் பதினொரு குடும்பமும் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சொந்த வக்கீலை வைத்துப் போனபோது மேனேஜரே நாற்காலி போட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் நோட்டீசு சுவரை விட்டு இறங்கிவிட்டது. முன்னாலேயே சேர்ந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுத்த பிறகு வராதீர்கள், கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். காகிதங்களோடு நம் சங்கத்துக்கு வாருங்கள். ஒரே கட்டிடத்தில் வாங்குகிறவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு வக்கீலை வையுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் வருகிறேன். ஆனால் இந்த முறை மூன்றாம் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போடுவேன்.