எந்தக் காரை வைத்துக்கொள்வது?



இலக்கிய நிகழ்ச்சியில் மோட்டார்க் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆயினும், பழந்தமிழ் நூற்பதிப்புப் பற்றி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு விதியின் பொருள், எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற இரண்டு பழைய கார்களால்தான் எனக்கு நன்கு விளங்கியது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40 சோமசெற். அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய வண்டி. மற்றது, 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அம்மாவின் தமையனார் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கி, பிள்ளைகளிடம் வெளிநாடு சென்றபோது எங்களிடம் விட்டுச் சென்றது. இரண்டும் ஓடாது நின்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மகளுக்கு ஓர் அறை கட்டுவதற்காகக் கொட்டிலிற் பாதியை இடிக்கவேண்டி வந்தது. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு காரைத் திருத்துவதே பெரும்பாடு. எனவே ஒன்றை வைத்து மற்றதை விடவேண்டும். எதை வைப்பது?

கராஜ்காரர் உடனே விடை சொன்னார். "சேர், மைனரை வையுங்கோ. அதுக்குச் சாமான் எடுக்கலாம். ஏ போர்ட்டிக்கு எங்கை போறது?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஒருகாலத்தில் இங்கிலாந்துக்கு அனுப்புவதற்கென்று நம் நாட்டிலேயே அவற்றைச் செய்தார்கள். சோமசெற்றோ 1952 முதல் 1954 வரை மட்டுமே உற்பத்தியானது. அதற்கு ஒரு கண்ணாடி உடைந்தாற்கூட ஊர் ஊராகத் தேடவேண்டும்.

அறிவு மைனரைச் சொன்னது. மனம் ஏ 40 ஐ விட்டு அசையவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் அப்பா ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை மருந்துபோல வைத்திருப்பார். அதிற் சில துளிகளைக் காபுறேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதனைத் தாங்கின. ஆனால் பிளக்கிற் கரி படியும், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், பெயாரிங்குகள் தேயும். வண்டியின் ஆயுளைச் செலவிட்டே நாங்கள் அந்நாட்களைக் கடந்தோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. நடக்கமாட்டாத அப்பாச்சியையும் அயலிலிருந்த இரண்டு முதியவர்களையும் உள்ளே இருத்தி, கூரையில் மூட்டைகளைக் கட்டி, அப்பா காரை எடுத்தார். நாவற்குழிப் பாதை எங்கும் சனம். முதலாம் கியரில், ஆள் நடக்கும் வேகத்திலும் குறைவாக, மழையில் ஊர்ந்தோம். றேடியேற்றர் கொதிக்கும்போதெல்லாம் நான் இறங்கி வெள்ளத்தில் தண்ணீர் அள்ளி வந்தேன். அன்று பாரம் அழுத்திய பள்ளம் இன்றும் அக்கூரையில் இருக்கிறது.

நேயர்களே, பாசம் மட்டுமே ஒரு முடிவுக்குப் போதிய காரணமாகாது. மாமாவின் மைனருக்கும் அவருடைய பிள்ளைகளின் நினைவுகள் உண்டல்லவா? ஆகவே இரண்டு வண்டிகளையும் உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்ப்போம் என்றேன்.

மைனருக்குத் தனியான சேசிஸ் முழுமையாக இல்லை. அதன் தளமும் கதவடிப் பெட்டிகளுமே அதைத் தாங்கும் எலும்புகள். அவை கறள் பிடித்து, விரலால் அழுத்த உதிர்ந்தன. புதுத் தகடுகளை வாங்கி ஒட்டலாம். ஆனால் வண்டியின் பெரும்பகுதி புதிதாகிவிடும். ஏ 40க்கோ தனிச் சேசிஸ் உண்டு. பொடி நெளிந்திருந்தாலும் சேசிஸ் உறுதியாக இருந்தது. எஞ்சின் தேய்ந்திருந்தது, ஆயினும் சிலிண்டர்களைக் கடைந்து, கிராங்கைத் தீட்டிச் சரிசெய்யத்தக்க தேய்வு அது.

அப்போதுதான் நான் வகுப்பிற் சொல்லும் விதி நினைவுக்கு வந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஐயர் பெரும் புலவர். ஏட்டில் சிதைந்த அடிகளுக்குப் பதிலாகத் தாமே பாடி நிரப்பியிருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? அவர் அவ்விடங்களிற் புள்ளியிட்டார். 267ஆம், 268ஆம் பாட்டுகளின் இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. எஞ்சியதைக் காப்பதும், இல்லாததை இல்லையென்று காட்டுவதுமே பதிப்பாசிரியரின் நேர்மை.

அந்த அளவுகோலால் அளந்தபோது விடை தெளிவாயிற்று. ஏ 40 இல் எஞ்சியது அதிகம். மைனரைப் புதிதாக்கலாம், அதுவும் நல்ல வேலைதான். பழுது பார்த்து நாளும் ஓட விரும்பிய ஓர் இளைஞர் அதைக் கேட்டார். மாமாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "குடு தம்பி. நிண்டு கறள் பிடிக்கிறதைவிட ஆரேன் ஓடட்டும்" என்றார். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள்ளும்போது மற்றதன் இழப்பையும் நாம்தான் சுமக்கவேண்டும்.

சென்ற மாதம் கராஜ்காரர் ஏ 40 இன் கூரையைத் தடவிப் பார்த்தார். "சேர், இந்தப் பள்ளத்தைத் தட்டி எடுத்து, பட்டி பூசினா ஒண்டும் தெரியாது" என்றார்.

"மற்றதெல்லாம் எடுங்கோ. அதை மட்டும் விடுங்கோ" என்றேன்.

அவர் ஏனென்று கேட்கவில்லை. அவரும் அந்தப் பாதையால் வந்தவர்தான்.