திருகோணமலையில் ஒரு நாள்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆனி மாதத்தில் நமது சங்கத்தார் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் சென்றுவந்த வரலாற்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். புறப்படுவதற்கு முன் நமது பெரியவர் ஒருவர், “அந்நியப் படைவீரரின் கல்லறைகளைப் பார்க்க நம் பிள்ளைகள் ஏன் போகவேண்டும்?” என்று கேட்டார். தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று அது. வழிநெடுக அதையே விவாதித்துச் சென்றோம்.

விடியுமுன் பஸ் ஏறினோம். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஓடத்துறைகளுக்குப் பேர்போன வழி அது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதை இளைஞர் பெரிதாக எண்ணவில்லை. ஓடத்திற்குக் காத்துக் கிடந்த முதியோர்க்கன்றோ அதன் அருமை தெரியும்!

கோணேசரைத் தரிசித்தபின், நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தை அடைந்தோம். புல்வெளி சீராக வெட்டப்பட்டிருந்தது. அதிகாரிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவான நினைவுக்கல். பதவி, இனம், சமயம் எதனாலும் வேற்றுமை காட்டலாகாது என்பது 1917இல் தொடங்கிய அந்த ஆணைக்குழுவின் விதி. உயிரோடிருந்தபோது அவ்வளவு சமத்துவம் காட்டாத ஒரு சாம்ராச்சியம் மரணத்தில் அதைக் காட்டியது என்று நம்மவர் ஒருவர் மெல்லச் சொன்னார். ஆயினும், கல்லிற் பொறித்த வயதைப் படிக்கப் படிக்க வாலிபர்களின் பேச்சு நின்றது. இருபது, இருபத்திரண்டு, நம்மோடு வந்தவர்களின் வயதே அது.

1942ஆம் ஆண்டு சித்திரை 5ஆந் திகதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள், 9ஆந் திகதி காலையில் திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் சீனன்குடா விமானத்தளத்தின்மீதும் குண்டு பொழிந்தன. தாக்குதல் வருமென்று அறிந்து முதல்நாளே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்று நமது மட்டக்களப்புக் கடலிலே அகப்பட்டது. விமானந்தாங்கியென்று பெயர்; அப்போது அதில் ஒரு விமானமும் இல்லை. சில நிமிடங்களில் மூழ்கிற்று. மாண்டோர் 307 பேர். அவுஸ்திரேலியக் கப்பல் ‘வம்பயர்’ என்பதும் உடன் மூழ்கியது. ‘வீற்றா’ என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கரைசேர்த்தது. ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ‘ஹேர்மிஸ்’ இன்றுங் கிடக்கிறது. கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்கும் நாம் அதை நினைப்பதுண்டோ?

அடுத்து நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாமலைக்குச் சென்றோம். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிற் கூடு கட்டி வாழும் சிறு தீவு. ஆங்கிலேயர் காலத்தில் இதனைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தார்கள்! 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. தெளிந்த நீரில் முருகைக்கற்களின் இடையே வண்ண மீன்களும், குட்டிச் சுறாக்களும் திரிகின்றன. கடலாமை ஒன்றும் தலைகாட்டிற்று. அதைக் கண்ட சிறுவர்களைக் கரையேற்றப் பெரும்பாடு பட்டோம்.

முருகைக்கல் உயிருள்ளது. சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட வளர்வதில்லை. நின்று இளைப்பாறுவதற்காக அதன்மேற் கால்வைத்த வேற்றூர்ப் பிரயாணியொருவரை நம் வாலிபர் ஒருவர் வணக்கமாகத் தடுத்தார். “நீந்தத் தெரியாதவனை இங்கே ஏன் விடுகிறார்கள்?” என்று அவர் சினந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு.

திரும்பும் வழியில் பெரியவரின் கேள்வி வேறு உருவம் எடுத்தது. 1942இல் குண்டு விழுந்து நம் குடிமக்களும் மாண்டனர். பலர் வீடுவாசலை விட்டு ஓடினர். படைவீரர்க்கென அமைந்த அம்மயானத்தில் அவர்களைத் தேடுவதிற் பயனில்லை. அவர்கள் பெயரை யார் எழுதிவைத்தார்கள்? அன்று பத்து வயதாயிருந்தவர்க்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. பின்னர் நம் நாட்டிலேயே நடந்த நீண்ட யுத்தத்தில் மாண்டோரின் பெயர்களையும், ஒவ்வொரு வீடும் தனித்தனியே அல்லவா காத்து வருகிறது?

ஆதலால் நூல்நிலையத்திலே ஒரு பதிவுப்புத்தகம் வைத்திருக்கிறோம். 1942இல் மாண்ட நம்மவரின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை அறிந்த குடும்பத்தார் வந்து சொல்லலாம். நடக்கமுடியாத முதியோரின் வீட்டுக்கு வாலிபர் இருவர் வந்து எழுதிக்கொள்வர். கேள்வி கேட்ட அந்தப் பெரியவரே முதற் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாய்மாமன் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்.