நாகரிகத்தை நிறுக்கும் தராசு



அன்பிற்குரிய பெற்றோர்களே, வாலிபச் செல்வங்களே!

"பண்டைய நாகரிகம்" என்றவுடன் எமது மனக்கண்ணில் தோன்றுபவை யாவை? எகிப்தின் பிரமிட்டுகள், பாபிலோனின் மதில்கள், மன்னர்களின் படையெடுப்புகள். பரீட்சைக்காக அவற்றின் ஆண்டுகளை மனனம் செய்கின்றோம். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகின்றோம். இன்று அந்த நாகரிகங்களை வேறொரு வாசல் வழியாக அணுகுவோம். பசறையிலும் லுணுகலையிலும் கடைகளில் நாம் காணும் தராசு, தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசு, அதுவே அந்த வாசல்.

இன்றைய ஈராக்கில், யூப்ரடீஸ், தைகிரிஸ் நதிகளின் கரைகளில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சுமேரியர் நகரங்களை அமைத்து வாழ்ந்தனர். ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி பார்லி விளைவித்தனர். களஞ்சியத்திற்கு யார் எவ்வளவு தானியம் கொடுத்தார், யாருக்கு எவ்வளவு கூலி வழங்கப்பட்டது என்பதைக் களிமண் பலகைகளில் குறித்து வைத்தனர். அங்கே எழுத்துக்கலை வளர்ந்தது இத்தகைய கணக்குகளின் மடியிலேதான்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பிறப்பிடம் எனப் பலர் கருதும் 'ஊர்' என்னும் நகரம் அந்நாட்டிலேயே இருந்தது. கி.மு. 2100 அளவில் அதனை ஆண்ட ஊர்-நம்மு மன்னனின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பு, இன்று கிடைத்துள்ள சட்டத் தொகுப்புகளுள் மிகப் பழையது. அதன் முன்னுரையில், நாட்டின் நிறைகளையும் அளவைகளையும் ஒரே சீராக்கியமை அரசின் பெருமையாகக் கூறப்படுகின்றது. அநாதைகளும் விதவைகளும் வலியோரின் கைகளில் விடப்படவில்லை என்ற செய்தியும் அங்கேயே இடம்பெறுகின்றது. இவ்விரண்டும் அருகருகே அமைந்திருப்பதைக் கவனியுங்கள். நிறை பிசகினால் முதலில் பாதிக்கப்படுபவர் ஏழையே!

கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டமும் இதனையே பேசியது. கடன் கொடுக்கும்போது சிறிய நிறையையும், திருப்பி வாங்கும்போது பெரிய நிறையையும் பயன்படுத்தும் வணிகன் தான் கொடுத்ததை இழந்து விடுவான் என்று அது விதித்தது. சிந்துவெளியில் ஹரப்பா, மொஹெஞ்சதாரோ முதலிய நகரங்களில் கனசதுர வடிவிலான எடைக்கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சிறிய கற்கள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் விகிதத்தில் அமைந்தவை. பல நூறு மைல் இடைவெளியில் இருந்த நகரங்களிலும் அந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மத்யன் சமூகத்தாரின் வரலாற்றை அல்குர்ஆன் எமக்கு எடுத்துரைக்கின்றது. நபி ஷுஐப் (அலை) அவர்கள் அம்மக்களை ஏக இறைவனை வணங்குமாறு அழைத்தார்கள்; அத்துடன் அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். அவர்கள் செவிசாய்க்கவில்லை, அழிந்து போயினர்.

"இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள், எமது ஊவாவுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். அன்புத் தம்பி! பதுளைத் தூண் கல்வெட்டு என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

மஹியங்கனைக்கு அருகே சொரபொர குளத்தை அண்டிய பகுதியில் 1857ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, பின்னர் பதுளை நகருக்குக் கொண்டு வரப்பட்ட கற்றூண் அது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில், உதய மன்னனின் ஆட்சியில், நான்கு பக்கங்களிலும் சிங்கள மொழியில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. ஹோபிட்டிகம என்ற சந்தைக் கிராமத்து வணிகர்களும் குடிமக்களும், மன்னன் மஹியங்கனை விகாரைக்கு வந்த வேளையில், அதிகாரிகள் முன்னைய ஒழுங்குகளை மீறி அநியாயமாக அறவிடுகின்றனர் என முறையிட்டனர். அதன் பயனாக எழுந்ததே அச்சாசனம். கிராமத்தின் ஊடாகக் கடந்து செல்லும் பொருளுக்கு வரி இல்லை. அங்கு விற்கப்படும் பொருளுக்கே வரி. அங்கீகரிக்கப்படாத அளவைகளைப் பயன்படுத்தலாகாது. போயா தினத்தில் வியாபாரம் செய்யலாகாது. இவ்வாறு அதன் விதிகள் தொடர்கின்றன. எளிய சந்தை மக்களின் முறைப்பாடு கல்லில் நிலைத்து, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் எமது மாவட்டத்தில் நிற்கின்றது!

பெற்றோர்களே! எமது பிள்ளைகளில் பலர் கடைகளில் நிற்கின்றனர். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வருகின்றாள். விடியற்காலையில் லயத்தை விட்டுப் புறப்பட்டு, பனியிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்தவள் அவள். மடுவத்தில் கூடைக்கென்றும் ஈரத்திற்கென்றும் அளவுக்கு மீறி எடை கழிக்கப்பட்டிருந்தால், அங்கே ஒரு முறை ஏமாந்திருப்பாள். எமது கடையில் அரிசியிலும் பருப்பிலும் ஐம்பது கிராம் குறைந்தால் இரண்டாம் முறையும் ஏமாறுவாள். கடன் கொப்பியில் வாங்காத சாமான் ஒன்று ஏறியிருந்தால் அது மூன்றாம் முறை. எழுத்து வாசனை அறியாத அவள் யாரிடம் முறையிடுவாள்?

எமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளையும் நியமங்களையும் ஒழுங்குபடுத்துகின்றது. வியாபாரத் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். ஆயினும் பரிசோதகர் ஆண்டு முழுவதும் கடையில் நிற்பதில்லை. அவர் சென்ற பின்னரும் எம்மைக் கண்காணிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவென்றே அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது என்பதை மறவாதீர்கள்.

ஆகவே இரண்டு காரியங்களைச் செய்வோம். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தத் தூணைக் காட்டுங்கள். அதன் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் எமது கடைத் தராசையும் கடன் கொப்பியையும் அவர்கள் முன்னிலையிலேயே சரிபாருங்கள். குறை காணப்பட்டால் உரியவரைத் தேடிச் சென்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து விடுங்கள். தந்தை தன் தவறைத் திருத்துவதைக் காணும் பிள்ளைக்கு வேறு உபதேசம் தேவைப்படாது.

சுமேரியரின் மாளிகைகள் மண்மேடாயின. பாபிலோனின் மதில்கள் சரிந்தன. எமது தராசோ இன்றும் எம் கையில் இருக்கின்றது. அதனை நீதியுடன் பிடிக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் எமக்கும் எம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.