பிழை பொறுத்தருள்க

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேச்சாளர் பலர் உளர். யாமோ பத்தாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தர் பணி புரிபவர். ஆயினும் இன்று இம்மேடையில் பேசியே தீரவேண்டிய கடன் ஒன்று எமக்கு உண்டு.

சென்ற ஆண்டு மலரில் நன்கொடையாளர் பட்டியலைத் தொகுத்தவர் யாமே. ஆரியசாலையில் வாழும் அம்மையார் ஒருவர், மறைந்த தம் கணவர் நினைவாக, நம் பிள்ளைகளின் பாடநூல் நிதிக்கு 501 ரூபாய் அளித்திருந்தார். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்து எழுதுகையில் இரு தாள்கள் ஒட்டிப் புரண்டன. அவர் கணவர் பெயர் விடுபட்டது. அதைவிடப் பெரும் பிழை பின்னர் நேர்ந்தது. அன்பர்கள் வினவியபோது, "அச்சகத்தாரின் தவறு" என்று கூறிவிட்டோம். குற்றமற்ற தொழிலாளர் ஒருவர் அதனால் ஏச்சு வாங்கினார்.

எம் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கேட்டில் எண் பிழைத்தால் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய எண் தெரியுமாறு ஒரு கோடு இழுத்து, அருகே சரியான எண்ணை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பம் இடவேண்டும். மன்னிப்பும் அத்தகையதே அன்றோ? தவறு மறையலாகாது, திருத்தமும் தெரியவேண்டும், பொறுப்பேற்றவர் பெயரும் விளங்கவேண்டும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரியார். பாதையை அரித்த வெள்ளம் அவர் செயலன்று. எனினும் பொறுப்பு தம்முடையதெனப் பதவி துறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதும் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார், சாஸ்திரியார் குற்றவாளி என்பதற்காக அன்று, நல்ல மரபு நிலைபெற வேண்டும் என்பதற்காக.

சிறு தவறுக்கும் ஒரு சான்று கூறுவோம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், ஜப்பானில் டோக்கியோவை அடுத்து ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. பயணிகள் எவரும் குறை கூறவில்லை. எனினும் அக்கம்பெனியார் தாமே முன்வந்து, நடந்தது இன்னதென விளக்கி மன்னிப்புக் கோரினர்.

தம்பானூர் நிலையத்தில் வண்டி தாமதித்தால் ஒலிபெருக்கி வருத்தம் தெரிவிக்கும். அது கேட்டு எவர் மனமும் ஆறுவதில்லை. பேசுவது பொறி என்பதை யாவரும் அறிவர். "மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்பாரும் உளர். அந்த "இருந்தால்" என்னும் ஒரு சொல், மன்னிப்பு முழுவதையும் கெடுத்துவிடுகிறது. பொறையுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அது புண்பட்டவர் தாமே நினைக்கத்தக்கது. புண்படுத்தியவர் எடுத்துக்காட்டி மன்னிப்பை வற்புறுத்தத் தக்கதன்று.

சென்ற திங்களில் அம்மையாரின் இல்லம் சென்று உண்மையைக் கூறினோம். அவர் சினக்கவில்லை. "பணம் பெரிதன்று, ஐயா. அவர் பெயரை அச்சில் ஒருமுறை காண விரும்பினேன்" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. அச்சகத் தொழிலாளரையும் கண்டு வணங்கினோம். தனியே வேண்டியது போதாது. பழி சுமத்தியது பலர் நடுவில் ஆதலின், பலர் நடுவிலேயே அதனை நீக்குகிறோம்.

பட்டியலில் பெயர் விடுபட்டது எம் பிழை. அச்சகத்தார்மீது பழி கூறியது எம் குற்றம். இவ்வாண்டு மலரின் முதற்பக்கத்தில் அப்பெரியாரின் பெயர் இடம்பெற்றுள்ளது. இனி இருவர் சரிபார்த்த பின்னரே பட்டியல் அச்சேறும்.

அம்மையீர், அச்சகத்து அன்பரே, பொறுத்தருள்க. பொறுப்பதும் மறுப்பதும் தங்கள் உரிமை. திருந்துவது எம் கடமை.