ஊர் கேட்ட காவல்



மரத்தைக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சங்க கால மன்னர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கடிமரம் இருந்தது. அம்மரத்தைத் தீண்டுதல் அவ்வரசனையே தீண்டுதலாகக் கருதப்பட்டது. ஆயினும் அக்காவலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நன்னனின் காவல் மாமரத்துக் காய் ஒன்று ஆற்றோடு மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண் அதனை எடுத்துத் தின்றாள். அவள் எடைக்குப் பொற்பாவையும் எண்பத்தோரு களிறும் தருவதாகச் சுற்றத்தார் வேண்டியும் நன்னன் இணங்காமல் அவளைக் கொல்வித்தான். குறுந்தொகை கூறும் செய்தி இது. அக்காவலில் அறம் பிழைக்கவில்லை. ஆகவே, ஒன்றைக் காப்பதா என்பதோடு வினா முடிந்துவிடுவதில்லை. யாரைக் கேட்டுக் காப்பது என்பதும் வினாவே.

இவ்வினாவுக்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. கடனா நதி பொருநையொடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே உள்ள சுவரோவியங்களாலும் மரச் சிற்பங்களாலும் கலையறிஞர் இவ்வூரை அறிவர். மருத மரத்தைத் தலமரமாகக் கொண்ட மூன்று தலங்களுள் இதனையும் ஒன்றாகச் சைவ மரபு போற்றும். அவ்வூர் நெடுமரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வந்தன.

கூடுள்ள மரத்தின்கீழ் வாழ்தல் எளிதன்று. எச்சமும் நாற்றமும் இரவெல்லாம் ஓயாத ஒலியும் உடன் வரும். அவற்றைப் பொறுத்துக்கொண்ட ஊரார்க்குச் சட்டத்தின் துணை எதற்கு என்று கேட்கலாம். ஊர் வழக்கம் ஊராரைக் கட்டுப்படுத்தும். கவணோடும் துப்பாக்கியோடும் வரும் அயலாரையும், நாளை மரத்தை விலைபேச வருவோரையும் அது கட்டுப்படுத்தாது. வழக்கத்தை மட்டும் நம்பியிருப்பதா, அரசின் காவலையும் கேட்பதா என்பதே அவர்கள்முன் நின்ற வினா. அவ்வூரார் கேட்பதெனத் துணிந்தனர்.

அக்காலத்தில் சட்டத்திலும் ஒரு புதிய வழி பிறந்திருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 'காப்பகம்' என்னும் புதிய வகையைச் சேர்த்தது. அரசுக்குரிய நிலத்தை அங்குள்ள மக்களைக் கலந்து பேசிய பின்னரே காப்பகமாக அறிவிக்கலாம். உயிரினங்களோடு நிலத்தோற்றத்தைக் காப்பதும் அதன் நோக்கம். சரணாலயத்துள் நுழைவதற்குள்ள தடை இதற்கில்லை. ஆலோசனைக் குழுவில் ஊராட்சிக்கு இடமுண்டு. 2005 பிப்ரவரி 14 அன்று திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஏழு ஏக்கர். இந்தியாவின் முதற் காப்பகம் இதுவே. பெருங்காடுகள் நிறைந்த நாட்டில் இம்முதன்மை ஒரு சிற்றூர்த் தோப்புக்கு வாய்த்தது எண்ணத்தக்கது.

எனினும் அறிவிப்பு ஒன்றே காவலாகிவிடாது. ஏழு ஏக்கரில் இருப்பது கூடு மட்டுமே. குஞ்சுக்கு வேண்டிய மீனும் தவளையும் எல்லைக்கு அப்பால், குளத்திலும் நெல்வயலிலும் இருக்கின்றன. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் இவ்வுண்மையைத் தெளிவாக்கும். பறவை வருகையை நற்பேறாகக் கருதி, எச்சம் கலந்த குளத்து நீரை வயலுக்கு உரமாகக் கொண்ட ஊர் அது. 1994இல் அது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் மணிமுத்தாற்றுக் கால்வாயில் நீர் வாராத ஆண்டில் எந்தப் பட்டமும் பறவையை அழைத்து வருவதில்லை.

ஆகவே, இப்பள்ளத்தாக்கில் இனி இத்தகைய காவலை வேண்டும் ஊர், தோப்போடு சேர்த்துக் குளத்தையும் கால்வாயையும் வேண்டுதல் நன்று. அக்காவல் அங்கு வாழ்வோரின் உரிமையைப் பறியாததாகவும் இருத்தல் வேண்டும். மருதம் என்பது மரத்தின் பெயர். வயலும் வயல் சார்ந்த நிலமுமாகிய திணையின் பெயரும் அதுவே. நிலம் அழிய மரம் மட்டும் நிற்பதில்லை என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. மருதத்தைப் பாடும் கவிஞர்கள், தம் ஊர் மன்றத்தில் இவ்வினா எழும்போது இதனை எடுத்துரைப்பாராக.