பின் டிஸ்க் மாட்டிய பிறகு

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் பஸ் சட்டென்று நிற்கிறது. நம் கையும் காலும் ஒரே நேரத்தில் பிரேக்கைப் பிடிக்கின்றன. அப்போது பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் வழுக்கி விலகும். பைக்கில் பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டிக்கொள்ளும் தம்பிகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிரேக் பிடித்ததும் எடை முன்னுக்குச் சாய்கிறது. பின் டயரின் பிடிமானம் குறைகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் டிஸ்க்கின் வலுவை முன் பிரேக்கின் வலுவுக்குக் கீழே அடக்கி வைக்க வேண்டும்.

பின் பிரேக்கின் வலு பெரிதும், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பொறுத்தது. உள்ளே 12.7 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 14 மில்லிமீட்டர் போட்டால், அதே மிதிக்கு ஆயில் அழுத்தம் சுமார் 18 சதவீதம் குறையும். பெடலும் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். ஒரு வண்டியின் காலிபரையும் (டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) இன்னொரு வண்டியின் சிலிண்டரையும் கைக்குக் கிடைத்தபடி ஜோடி சேர்த்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். ஒரே மாடலின் முழு செட்டாக வாங்குங்கள்.

இன்னொன்று, நான் மிகவும் அஞ்சுவது. பெடலை உயர்த்துவதற்காக, அதிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடை நீட்டிவிடுகிறார்கள். பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். தாம்பரம் நெரிசலில் டிஸ்க் சூடேறும், ஆயில் விரியும், போக வழியிருக்காது. பேட் தானாகவே டிஸ்க்கைக் கவ்வும். மிதிக்காமலே சக்கரம் இறுகும். பெடலில் சிறிது வெற்று ஆட்டம் கட்டாயம் வேண்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சி.பி.எஸ். வண்டியில் காலால் மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த இணைப்பை அறுத்து டிஸ்க் மாட்டவே வேண்டாம். மற்ற வண்டிகளிலும் மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு உட்பட்டது, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

மாட்டியதும் ஆளில்லாத, காய்ந்த, சமதளமான இடத்தில், மெதுவாக ஓட்டிக்கொண்டே கால் பிரேக்கை மட்டும் சிறிது சிறிதாக அழுத்திப் பாருங்கள். லேசான மிதிக்கே சக்கரம் பூட்டினால் வண்டியை மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுங்கள். பூட்டாவிட்டாலும், கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும்.